அட்டைப்பெட்டி வெட்ட மடக்காத கத்தி: எதை வாங்குவது?

நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பேக்கிங் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. நூல் கோன்கள் வரும் அட்டைப்பெட்டிகள் காலியானதும் அவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. ஓரங்களை அறுத்துத் தகடாக்கி, சரக்குப் பெட்டிகளுக்குள் அடியிலும் மேலும் வைக்கிறோம். மிஞ்சும் உடைகளுக்கு முழுப் பெட்டி தேவைப்படாதபோது பெட்டியின் உயரத்தையே வெட்டிக் குறைப்பதும் உண்டு. பெரும்பாலும் ஐந்து அடுக்கு அட்டை, சில வாடிக்கையாளர்களுக்கு ஏழு அடுக்கு. நாள் முழுவதும் நான்கைந்து பேர் இதே வேலையில் இருப்பார்கள்.

இதுவரை, மழுங்கிய நுனியை ஒடித்துவிட்டு முன்னால் தள்ளிக்கொள்ளும் கட்டர்தான் கையில் இருந்தது. அதை இனிப் பிரிவுக்குள் விடுவதாக இல்லை. தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே அடுத்த ஊசி கொடுக்கும் தொழில் இது. தைத்து முடித்த உடை, உலோகம் கண்டறியும் இயந்திரத்தைக் கடந்துதான் பெட்டிக்கு வருகிறது. அப்படிக் கடந்து வந்த உடைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் பிளேடை ஒடித்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். குழந்தைகள் உடுத்தும் துணி அது.

ஆகவே ஒரே துண்டு எஃகாக, பிடிக்குள் அசையாமல் நிற்கும் கத்தி வேண்டும். இணையத்தில் 5 மி.மீ. கனம், கறுப்புப் பூச்சு, டி2 என்ற கருவி எஃகு என்று காட்டுகிறார்கள். அட்டைக்கு அது ஏற்றதா? வெட்டுபவர்களில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர், அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கிடங்குச்சாவி

நண்பரே, ஒடிக்கும் கட்டரை நிறுத்தியது சரி. ஆனால் அங்கிருந்து நேராக உறைக்கத்திக்குத் தாவ வேண்டியதில்லை. ஒடியாத, சரிவக வடிவப் பிளேடு போடும் கட்டர்கள் இருக்கின்றன. அந்தப் பிளேடின் கனமே 0.6 மி.மீ. அளவுதான். அவ்வளவு மெல்லிய கத்தியை நீங்கள் எங்கே வாங்க முடியும்? பழைய பிளேடை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள், ஊசிக்கு வைத்திருக்கும் அதே பதிவேடு போதும். சாணை பிடிக்கும் வேலையும் மிச்சம்.

நீளமான கத்திக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சரக்கு உள்ள பெட்டியை அதனால் திறந்தால் உள்ளே இருக்கும் உடை கிழியும். எங்கள் கிடங்கில் திறப்பதற்குக் கட்டர் மட்டுமே.

நொய்யல்கரை

திறப்பதற்கு அந்தக் கட்டரையே வைத்துக்கொள்கிறேன், அதில் மாற்றுக்கருத்து இல்லை. என் சிக்கல் நீள வெட்டு. ஏழு அடுக்கு அட்டையில் அந்தப் பிளேடு முழுவதும் உள்ளே போய், பிடியின் மூக்கு அட்டையில் இடித்து நின்றுவிடுகிறது. இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து வெட்டவும் வழியில்லை. வலுவாக இழுத்தால் பிளேடு பிடிக்குள் ஆடுகிறது.

சாணைக்கல்

தம்பி, கோவையில் டூல் ரூமில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வாழ்நாள் முழுவதும் வெட்டும் முனைகளோடு இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எதை வெட்டுகிறோம் என்று பாருங்கள். அட்டைக்குப் போடும் நம் ஊர் கிராஃப்ட் காகிதத்தில் பெரும்பங்கு பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்தது. அந்தப் பழைய காகிதத்தோடு மண், தூசி, களிமண் நிரப்பி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. அவற்றில் மணலின் கடினக் கனிமமான குவார்ட்ஸ் துகளும் உண்டு. அட்டையை வெட்டுவதென்றால் மிக மெல்லிய உப்புத்தாளை வெட்டுவது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஷெஃபீல்டில் கத்திகளைச் சோதிக்கும் காட்ரா நிறுவனத்தின் இயந்திரமும் இதே வழியைத்தான் பிடிக்கிறது. 5 சதவீதம் குவார்ட்ஸ் கலந்த தனி அட்டையைக் கத்தியால் திரும்பத் திரும்ப அறுக்கவிட்டு, எவ்வளவு அட்டை அறுபட்டது என்று அளக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 8442-5 என்ற தரமுறை அதற்கு இருக்கிறது.

அந்தச் சோதனையில் எந்தக் கத்தியை வைத்தாலும் தொடக்கத்தில் அறுபடும் அளவு வேகமாகச் சரியும். பிறகு சரிவு மெதுவாகும். புதுக் கூர் எல்லாக் கத்தியிலும் சீக்கிரம் போய்விடும், நல்ல எஃகு அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். உங்கள் ஆட்கள் ஒரு நாளின் பெரும்பகுதியை வெட்டுவது அந்தப் புதுக் கூர் போன பிறகுதான். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது, கூர் தணிந்த பிறகும் கையை வதைக்காமல் வெட்டும் கத்தி. அது அலகின் கனத்திலும் முனையின் கோணத்திலும் இருக்கிறது.

ஐந்து அடுக்கு அட்டையின் கனம் ஆறேழு மில்லிமீட்டர் இருக்கும். கத்தி உள்ளே போனதும் வெட்டுப்பட்ட இரண்டு பக்கமும் அலகை நெருக்கிப் பிடிக்கும். நீங்கள் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி அந்த நெருக்கத்தை எதிர்க்கவே போகிறது, வெட்டுவதற்கு அல்ல. 5 மி.மீ. கனமுள்ள கத்தி அங்கே விறகு பிளக்கும் ஆப்பாகத்தான் வேலை செய்யும். முனையில் மயிர் மழிக்கலாம், ஆனால் அட்டையில் பாதியில் சிக்கும். சிக்கினால் ஆள் வேகமாக இழுப்பார். விபத்து நடப்பது அந்த இழுப்பில்தான்.

ஆகவே முதுகில் 2 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. முதுகிலிருந்து முனை வரை ஒரே சீராகச் சரிந்து வர வேண்டும். கூர் வைத்த விளிம்புக்குச் சற்று மேலே அரை மில்லிமீட்டருக்கு மேல் கனம் கூடாது. இரு பக்கமும் சேர்த்து முனைக்கோணம் 30 டிகிரி, கவனமாகக் கையாள்பவருக்கு 25. கறுப்புப் பூச்சு வேண்டாம். சொரசொரப்பான பூச்சு அட்டையில் உரசித் தேங்கும்.

உலைமேடை

சாணைக்கல் ஐயா சொன்ன கோணக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் எஃகை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கத்தி அடிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

குவார்ட்ஸின் கடினம் விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1000. சாதாரண கார்பன் எஃகில் இருக்கும் இரும்புக் கார்பைடும், அதாவது இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினத் துகளும், அதே அளவுதான். இரண்டும் சமபலம், ஆகவே மண் எஃகைத் தின்றுவிடும். குரோமியம் கார்பைடு 1500 அளவில் நிற்கும். வனேடியம் கார்பைடு 2500-ஐத் தாண்டும். டி2 எஃகில் 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் இருப்பதால் குரோமியம் கார்பைடு நிறைய. எஸ்30வி எஃகில் 4 சதவீதம் வனேடியம். ஒரே கனம், ஒரே கோணத்தில் இரண்டு கத்திகளைக் கொடுத்தால் அட்டையில் அதிக நேரம் நிற்பது இவைதான், இதில் விவாதத்துக்கே இடமில்லை. டி2-வைக் குறை சொல்ல வேண்டாம். அதை 5 மி.மீ. கனத்தில் அடித்து விற்பவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

சாணைக்கல்

தம்பி, ஒரே கனம், ஒரே கோணம் என்று நீங்கள் வைத்த நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் அந்த நிபந்தனை கிடைப்பதில்லை. உயர்ந்த எஃகைக் கனமாகவும், மலிவான எஃகை மெல்லியதாகவும் விற்கிறார்கள். அடுக்களைக் கத்தி மெல்லியது, காட்டுக் கத்தி கனமானது.

வனேடியம் மிகுந்த எஃகை யார் சாணை பிடிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் இருப்பது சிலிக்கான் கார்பைடு கல், கார்போரண்டம் என்று கேட்டு வாங்குகிறோமே அதுதான். குரோமியம் கார்பைடை அது அறுக்கும். வனேடியம் கார்பைடோடு அது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், வைரத்துகள் பதித்த தகடு தேவைப்படும். பேக்கிங் பிரிவில் ஐந்து நிமிடத்தில் தீட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பும் கத்தியே அவருக்குப் பயன்படும்.

அச்சகத்தெரு

சிவகாசியிலிருந்து எழுதுகிறேன். பெட்டி அடிக்கும் அச்சகம். எங்கள் பக்கம் இந்தக் கேள்வியே எழாது. தேய்ந்துபோன, இரும்பு அறுக்கும் பவர் ஹேக்சா பிளேடை வாங்கி, பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு பக்கம் சணல் கயிறோ சைக்கிள் டியூபோ சுற்றினால் கத்தி தயார். 2 மி.மீ. கனம், தேவைப்படும் நீளம், கூர் நிற்கும் நேரத்துக்குக் கடையில் வாங்கும் எதுவும் ஈடாகாது. செலவும் மிகக் குறைவு. கையில் பழகியவர்கள் வேறு எதையும் தொடமாட்டார்கள்.

உலைமேடை

அச்சகத்தெரு அண்ணன் சொன்னது உண்மையிலேயே நல்ல யோசனை. முழுவதும் ஹைஸ்பீடு ஸ்டீலாக, அதாவது வேகமாக ஓடும் வெட்டுக்கருவிகளுக்கான எஃகாக, இருக்கும் பிளேடென்றால் அதில் டங்ஸ்டனும் மாலிப்டினமும் வனேடியமும் இருக்கும். சாணைச் சக்கரத்தில் சூடேறினாலும் பதம் போகாது. 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் பதப்படுத்திய எஃகு அது. சாதாரண கார்பன் எஃகைச் சாணைக்காரர் சக்கரத்தில் வைத்து முனை நீலமாகும் வரை பிடித்தால் அது 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

ஆனால் வாங்கும்போது கவனியுங்கள். இப்போது வரும் பல பிளேடுகள் இரட்டை உலோகம். பல் இருக்கும் விளிம்பில் மட்டும் ஹைஸ்பீடு ஸ்டீல், முதுகு வெறும் ஸ்பிரிங் எஃகு. பல்லைத் தேய்த்து எடுத்தால் நல்ல எஃகும் சேர்ந்து போய்விடும். முழு ஹைஸ்பீடு பிளேடுக்கும் ஒரு குணம் உண்டு. பக்கவாட்டில் வளைத்தால் கண்ணாடித் துண்டாகத் தெறிக்கும்.

நொய்யல்கரை

தெறிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக அது எனக்கு ஆகாது. ஒடிந்த துண்டுக்குப் பயந்துதான் கட்டரையே விட்டேன். சைக்கிள் டியூப் சுற்றிய பிடியைத் தணிக்கைக்கு வருபவர் முன்னால் வைக்கவும் முடியாது. ஆனால் 2 மி.மீ. கனத்தில் இவ்வளவு காலமாக ஒரு ஊரே வெட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய சான்று.

ஸ்கார்பரோவாசி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது டொரொன்டோவில் ஒரு பெரிய களஞ்சியசாலையில் வேலை. காட்போட் பெட்டிகளைத் தட்டையாக்கி மறுசுழற்சிக்கு அனுப்புவது எங்கள் பகுதியின் பொறுப்பு. என்னிடம் இருப்பது சுவீடனின் மோரா கத்தி. கம்பானியன் என்ற வகை, துருப்பிடிக்காத 12சி27 எஃகு. அலகு நீளம் பத்து சென்ரிமீற்றரை ஒட்டியது, கனம் 2.5 மி.மீ. விலை குறைவு, இறப்பர் பிடி வியர்வையில் வழுக்காது, உறை இடுப்பில் கெட்டியாக நிற்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கத்தியின் சாய்வு மரம் சீவுவதற்கென்று அமைத்தது. முதுகிலிருந்து முக்கால்வாசி தூரம் முழுக்கனத்தோடு வந்து, கடைசியில் ஒரே சரிவாக முனைக்கு இறங்கும். ஒற்றைச் சுவர்ப் பெட்டியில், அதாவது உங்கள் மூன்று அடுக்கில், பிரமாதம். இரட்டைச் சுவரில், அதாவது ஐந்து அடுக்கில், சரிவு தொடங்கும் அந்தத் தோள் அட்டையில் முட்டும். கார்பன் எஃகில் வரும் அதே வகை 2 மி.மீ. மட்டுமே, அது நன்றாக ஓடும். ஆனால் துருப்பிடிக்கும்.

இன்னொன்று, எந்தக் கத்தியானாலும் பிடிக்கும் அலகுக்கும் இடையில் விரல் வழுக்காமல் தடுக்கும் மேடு கட்டாயம் இருக்க வேண்டும். அட்டையில் கத்தி திடீரென்று நின்றால் கை முன்னால் போகும். மற்றக் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை கொடுங்கள். ஐரோப்பிய தரமான ஈ.என். 388-இல் ஏ முதல் எஃப் வரை எழுத்து போட்டிருப்பார்கள். எஃப்தான் மிக வலுவானது.

மைதாப்பசை

பள்ளியில் கைவேலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். ரொட்டி வெட்டும் பற்கத்தி இதற்கு மிக நன்றாக வேலை செய்யும். வளைவான வெட்டுக்கும் வரும். யாரும் ஏன் சொல்லவில்லை?

சாணைக்கல்

வெட்டும், அம்மா. ஆனால் பல் அட்டையைப் பிய்த்துத் தூளாக்கும். அந்தத் தூள் கறுப்புத் துணியில் ஒட்டினால் இவருடைய வேலை இரட்டிப்பாகும். பல்லுக்கு நடுவே தீட்டுவதும் கடினம். உங்கள் வகுப்புக்கு அது சரியான கத்தி.

பல்லின் பயனை வேறு வழியில் அடையலாம். முனையை மிக நேர்த்தியாகத் தீட்டி மெருகேற்றாதீர்கள். கார்போரண்டம் கல்லின் நடுத்தரப் பக்கத்தில், 400 என்ற துகள் அளவில் நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள் விளிம்பில் நிற்கும். இழுத்து அறுக்கும்போது அவை காகித நாரைப் பற்றி அறுக்கும். மெருகேற்றிய முனை மரத்தைச் சீவும், அட்டையின் மேல்தாளில் வழுக்கும்.

நொய்யல்கரை

ஐயா, துருவைப் பற்றி ஒன்று. கார்பன் எஃகுக்கு எண்ணெய் பூச வேண்டும் என்கிறார்கள். எங்கள் இடத்தில் கத்தியில் எண்ணெய் இருந்தால் அட்டையில் படும், அட்டையிலிருந்து துணிக்கு ஏறும். துருக்கறையும் அப்படியே. டேப் பசையை எடுக்கக்கூட எண்ணெயைத் தொட விருப்பமில்லை. இந்த ஒரு காரணத்தால் துருப்பிடிக்காத எஃகு மட்டுமே சரி என்று முடிவு செய்துவிட்டேன். பசைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணி போதும் அல்லவா?

சாணைக்கல்

போதும். டேப் பசை ஒட்டிய கத்தி மழுங்கியதுபோல் தோன்றும், பலர் தேவையில்லாமல் தீட்டிவிடுவார்கள். முதலில் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

துருப்பிடிக்காதது, மெல்லியது, வழுக்காத பிடி, தணிக்கையில் காட்டக்கூடியது என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரே இடம்தான் எனக்குத் தெரிகிறது. இறைச்சிக்கூடத்தில் எலும்பு நீக்கும் கத்தி. ஒடுங்கிய அலகு, 13 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், முதுகில் 2 மி.மீ. அளவு. இரத்தத்திலும் கொழுப்பிலும் வழுக்காதபடி வார்த்த பிளாஸ்டிக் பிடி, விரலைத் தடுக்கும் மேடு. இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டியது, ஆகவே உங்கள் இடக்கைக்காரருக்கும் ஒத்துவரும். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பிடிகள் கிடைக்கும். அட்டைக் குவியலில் கறுப்புக் கத்தி தொலைந்தால் தேடுவது எப்படியென்று நினைத்துப் பாருங்கள். வளையும் வகையும் விறைப்பான வகையும் இருக்கும், விறைப்பானதைக் கேளுங்கள். வளையும் அலகு ஏழு அடுக்கில் கோடு தவறும்.

எஃகு சாதாரணம்தான். ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் செய்பவர்கள் அரை சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் உள்ள எஃகைப் போடுகிறார்கள், கடினம் ராக்வெல் அளவில் 55, 56. உலைமேடை தம்பி முகம் சுளிப்பார். அட்டைக்குள் அது ஓடும் விதத்தைப் பார்த்த பிறகு பேசுவோம்.

கூரான நுனி மட்டும் உங்களுக்குத் தேவையில்லை. முதுகுப் பக்கத்திலிருந்து நுனியைத் தேய்த்து வளைத்துவிட்டால் குத்து விபத்து குறையும், நீங்கள் ஓரத்திலிருந்துதானே வெட்டைத் தொடங்குகிறீர்கள்.

உலைமேடை

முகம் சுளிக்கவில்லை ஐயா. அதே வடிவத்தை 12 சதவீதம் குரோமியம் எஃகில் அடித்துக் கொடுத்தால் இன்னும் நிற்கும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் இவருக்கு அதைக் கடையில் வாங்கித் தர முடியாது என்பதும் உண்மை.

ஒரு எச்சரிக்கை. நம் பெட்டிகளில் ஓரங்கள் சேரும் மூட்டு இருக்கிறதே, அதைப் பசையால் மட்டும் ஒட்டுவதில்லை, தட்டைக் கம்பியால் பின் அடித்திருப்பார்கள். எவ்வளவு நல்ல எஃகானாலும் பின்னில் மோதினால் முனையில் சில்லு பெயர்ந்துவிடும். மூட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி வெட்டி, பின் உள்ள பட்டையைத் தனியாக எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

வைகைவடக்கு

இதைப் படித்துவிட்டு நானும் ஒன்று வாங்க நினைக்கிறேன். இப்படிப்பட்ட கத்தி வைத்திருக்கச் சட்டத்தில் தடை உண்டா?

கிடங்குச்சாவி

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளைக் குறிப்பிடுகிறார்கள். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்த கத்திகளுக்கு அதிலும் விலக்கு இருக்கிறது. இங்கே பேசும் கத்தி அந்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கும். வேலைக் கத்தியை வேலை இடத்திலேயே எண் போட்டு, பெட்டியில் பூட்டி வைப்பது நல்ல வழக்கம். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

நொய்யல்கரை

அனைவருக்கும் நன்றி. விறைப்பான எலும்பு நீக்கும் கத்திகளை மஞ்சள் பிடியில் வாங்கி, நுனியைத் தேய்த்து, எண் பொறித்துக் கொடுத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நண்பர் ஒருவரிடமிருந்து கனமான டி2 கத்தி ஒன்றையும் இரவல் வாங்கி, இரண்டையும் தீட்டி, வெட்டுபவர்களிடமே விட்டேன். மூன்று அடுக்கில் யாரும் வேறுபாடு சொல்லவில்லை. ஏழு அடுக்கில் டி2 கத்தியை வைத்தவர்கள் அட்டையை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார்கள். மெல்லிய கத்தியில் ஒரே இழுப்பில் கோடு நேராகப் போனது. மாலையில் டி2-வின் முனையே கூராக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலைமேடை சொன்னது அப்படியே சரி. ஆனால் அதைத் திரும்ப எடுக்க யாரும் முன்வரவில்லை.

கிடங்குச்சாவி சொன்னபடி, சரக்கு உள்ள பெட்டியைத் திறக்க ஒடியாத பிளேடு கட்டர் மட்டும் என்று விதி வைத்தாயிற்று.

கடைசியாக ஒரு கேள்வி, சாணைக்கல் ஐயாவுக்கு. எப்போது தீட்ட வேண்டும் என்பதை அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? நகத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் ஊக்குவிக்க விரும்பவில்லை.

சாணைக்கல்

அட்டையிலேயே பார்க்கலாம், தம்பி. உள்ளே இருக்கும் அலைத்தாளின் வரிகளுக்குக் குறுக்காக ஒரு வெட்டு போட்டு, வெட்டு முகத்தைப் பாருங்கள். வளைவுகள் உருண்டையாக, திறந்து நின்றால் கூர் இருக்கிறது. நசுங்கிப் படுத்திருந்தால் கத்தி வெட்டுவதற்கு முன்னால் அழுத்துகிறது, தீட்டும் நேரம் வந்துவிட்டது. வரியோடு சேர்த்து வெட்டிப் பார்த்தால் இது தெரியாது, மழுங்கிய கத்தியும் அந்தத் திசையில் ஓடும்.

கல்லில் தண்ணீர் விட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு. மறுபக்கம் பிசிறு தட்டுப்பட்டதும் அழுத்தத்தைக் குறைத்து ஓரிரு இழுப்பு, பிறகு ஒரு அட்டைத் துண்டின் மேல்தாளில் முதுகுப் பக்கமாக இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். துடைத்து, கல்லில் உதிர்ந்த கறுப்புச் சேறு துணிப்பக்கம் போகாதபடி தீட்டும் மேசையைப் பிரிவுக்கு வெளியே போடுங்கள்.